பிரேக் பிடித்தால் பெல்ட் எங்கே தொய்யும்? கன்வேயர் இழுவிசையும் டேக்-அப்பும்: முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட்டில் மழை பெரும்பாலும் மாலையில்தான் வரும். அன்றும் நாலு மணிக்கு மேல் இடி இடித்தது, மின்சாரம் போனது. அப்போது நான் வேலை பார்த்த குவாரியில் 300 மீட்டர் பெல்ட் ஒன்று முழுச் சுமையோடு ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பக்கம், அதாவது கல் வெளியே கொட்டும் முனையில், புதிதாகப் பொருத்திய ஸ்பிரிங் பிரேக் டக்கென்று பிடித்தது. தலை டிரம் சில நொடிகளில் நின்றுவிட்டது. ஆனால் பெல்ட்டின் நடுப்பகுதி ரோலர்களுக்கு இடையே தொட்டில் மாதிரி தொங்கி, இரண்டு ஓரமும் மடிந்து, சுண்ணாம்புக்கல்லை நடைபாதை முழுக்கக் கொட்டியது. மறுநாள் மதியம் வரை ஆறு பேர் மண்வெட்டியோடு நின்றோம்.

அங்கே வேலை பார்த்த சார்ஜ்மேன் அண்ணன், தோட்டத்து லயத்தில் என்னோடு வளர்ந்தவர், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, பெல்ட்டு நிக்கிறப்ப வெயிட்டு எந்தப் பக்கம் போச்சுன்னு பாத்தியா?" நான் பார்க்கவில்லை. அவர் பார்த்திருந்தார். பெல்ட்டை இறுக்கி வைக்கத் தொங்கும் கவுண்டர்வெயிட் ஓடும் வழிகாட்டித் தண்டில், வழக்கமாக அது நிற்கும் இடத்துக்கு நல்ல உயரத்தில் கிரீஸ் புதிதாக வழிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். பெல்ட் நிற்கும்போது எடை மேலே ஏறியிருக்கிறது. ஏன் ஏறியது என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஈப்போவில் உங்கு ஒமார் பாலிடெக்னிக்கிலோ வேறு எங்கோ படித்துவிட்டு, குவாரிக்கும் ஆலைக்கும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பெல்ட் ஓடும்போது இருக்கும் இழுவிசையை எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். நிற்கும்போது இருப்பதைப் போடுவதில்லை. பிரேக் உள்ள கன்வேயரில் டேக்-அப்பின் (பெல்ட்டைத் தொய்யாமல் இறுக்கி வைக்கும் அமைப்பின்) எடையைத் தீர்மானிப்பது பல நேரம் அந்த இரண்டாவது கணக்குதான்.

முதலில், பிரேக் வேண்டுமா?

எல்லாப் பெல்ட்டுக்கும் வேண்டாம். நம் செம்பனை ஆலைகளில் வெறும் குலைகளை மேலே ஏற்றும் சாய்வுப் பெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்தினால் ஏற்றமும் உராய்வுமே அதை நிறுத்திவிடும். அங்கே கவலை பின்னோக்கி ஓடிவிடுமோ என்பதுதான். அதற்குப் பின்னோட்டத் தடுப்பு போதும், பிரேக் தேவையில்லை.

பிரேக் தேவைப்படுவது முக்கியமாக இரண்டு இடங்களில். ஒன்று, சமதளத்தில் ஓடும் நீளமான, கனமான பெல்ட். மின்சாரம் போன பிறகும் அது நெடுநேரம் உருண்டு, அடுத்த பெல்ட்டின் சூட்டை (கல்லை அதன் மேல் இறக்கும் தகட்டுச் சரிவை) நிரப்பி அடைத்துவிடும். இரண்டாவது, மேலிருந்து கீழே இறங்கும் பெல்ட். அதில் பிரேக் இல்லையென்றால் சுமை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். முதலாவதை எண்களோடு பார்ப்போம், இறக்கப் பெல்ட்டுக்குக் கடைசியில் வருகிறேன்.

படி 1: எடைகளை எடுத்துக்கொள்ளுங்கள்

நம் உதாரணம் இது. தலைக்கும் வாலுக்கும் இடையே 300 மீட்டர், சமதளம், பெல்ட் அகலம் 1000 மில்லிமீட்டர், வேகம் நொடிக்கு 2.5 மீட்டர், மணிக்கு 500 டன் கல். டிரைவ் (மோட்டார் இழுக்கும் டிரம்) தலைப்பக்கம். அதைத் தாண்டியதும் கீழ் ஓட்டத்தில் எடை தொங்கும் டேக்-அப்.

மணிக்கு 500 டன்னை 3.6 ஆலும், பிறகு 2.5 ஆலும் வகுத்தால் மீட்டருக்கு 55.6 கிலோ கல். பெல்ட் மீட்டருக்கு 14 கிலோ. ரோலர்களில் சுழலும் பாகம் மட்டும் மேல் ஓட்டத்தில் மீட்டருக்கு 12 கிலோ, கீழ் ஓட்டத்தில் 4 கிலோ. பெல்ட் மேலும் கீழுமாக இரு முறை வருகிறது. ஆக, ஓடும் மொத்தம் மீட்டருக்கு ஏறத்தாழ 99.6 கிலோ. 300 மீட்டருக்கு 30 டன் பக்கம். இந்த 30 டன்னைத்தான் நிறுத்தப் போகிறோம். டிரம், கியர்பாக்ஸ், மோட்டார் ரோட்டர் ஆகியவற்றின் சுழல்நிலைமத்தையும் உண்மையான வடிவமைப்பில் சேர்க்க வேண்டும். இங்கே கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

படி 2: ஓடும்போது நான்கு முனைகளின் இழுவிசை

பெல்ட் சுற்றில் நான்கு இடங்களுக்குப் பெயர் வையுங்கள். தலை டிரம்மை விட்டுக் கீழ் ஓட்டம் தொடங்கும் இடம் அ. கீழ் ஓட்டம் வால் டிரம்முக்குள் நுழையும் இடம் ஆ. வால் டிரம்மை விட்டு மேல் ஓட்டம் தொடங்கும் இடம் இ. சுமையோடு தலை டிரம்முக்குள் நுழையும் இடம் ஈ.

உராய்வெண் 0.022 என்று வைத்தால், மேல் ஓட்டத்தின் தடை 5.3 கிலோநியூட்டன், கீழ் ஓட்டத்தினுடையது 1.2. கல் விழும் இடம், சுரண்டி, ஓரத் தடுப்பு ரப்பர் ஆகியவற்றுக்கு 1.9 சேர்த்தால் மொத்தம் 8.4 கிலோநியூட்டன். தலை டிரம் இந்த அளவுக்கு இழுக்க வேண்டும்.

டிரம் வழுக்காமல் இழுக்க அ முனையில் குறைந்தபட்ச இழுவிசை ஒன்று தேவை. ரப்பர் லேகிங் (டிரம்மின் மேல் ஒட்டும் உறை) போட்ட டிரம்மில், 180 பாகைச் சுற்றில், உராய்வெண் 0.35 என்றால் இறுக்கமான பக்கம் தளர்வான பக்கத்தைப் போல 3 மடங்குக்கு மேல் போகக்கூடாது. அதாவது அ முனையில் இழுக்கும் விசையில் பாதி இருக்க வேண்டும்: 4.2 கிலோநியூட்டன். லேகிங் இல்லாத வெறும் இரும்பு டிரம்முக்கு இது பாதியிலிருந்து 0.84 மடங்காக ஏறிவிடும்.

இப்போது முனைகள் (இனி விசை எல்லாம் கிலோநியூட்டனில்): அ 4.2, ஆ 5.4, இ 5.4, ஈ 12.6. தொய்வையும் பாருங்கள். ரோலர்கள் 1.2 மீட்டருக்கு ஒன்று. தொய்வு 2 சதவீதத்துக்குள் நிற்க, இ முனையில் 5.1 வேண்டும். நம்மிடம் 5.4 இருக்கிறது. சரி. எடை தொங்கும் டிரம்மை இரு கால் பெல்ட் தாங்குவதால், டிரம், சட்டம் எல்லாம் சேர்த்து 8.4 கிலோநியூட்டன், அதாவது 860 கிலோ தொங்கினால் போதும்.

பலர் இங்கே கோப்பை மூடிவிடுகிறார்கள். மேலே சொன்ன பெல்ட்டிலும் இதுதான் நடந்திருந்தது. பிரேக் பிறகு வந்து சேர்ந்தது. எடையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

படி 3: எவ்வளவு நேரத்தில் நிறுத்துவது?

ஓட்டும் கணக்கில் உராய்வு கூடுதல் என்று வைத்தோம். நிறுத்தும் கணக்கில் குறைவு என்று வைக்க வேண்டும், ஏனென்றால் உராய்வு அங்கே நமக்கு உதவி. உதவியைக் குறைத்து மதிப்பிடுவதுதான் பத்திரம். 0.016 என்று எடுத்தால் மொத்தத் தடை 6 கிலோநியூட்டன் பக்கம் வரும்.

பிரேக்கே இல்லாமல் விட்டால் 30 டன்னை 6 கிலோநியூட்டன் நிறுத்துகிறது. வேகக் குறைவு நொடிக்கு நொடி 0.2 மீட்டர், நிற்க 12.5 நொடி, அதற்குள் பெல்ட் 15.6 மீட்டர் நகரும். மீட்டருக்கு 55.6 கிலோ வீதம் 870 கிலோ கல் சூட்டில் விழும். சூட் 400 கிலோதான் தாங்கும் என்றால் 5 நொடியில் நிறுத்த வேண்டும்: நகர்வு 6.25 மீட்டர், கல் 350 கிலோ. வேகக் குறைவு 0.5. அதற்கு மொத்தம் 15 கிலோநியூட்டன் தேவை. உராய்வு 6 தரும், பிரேக் 9 தர வேண்டும்.

பிரேக் வாங்குவதற்கு முன் ஒன்று கேட்டுப் பாருங்கள். சூட்டைக் கொஞ்சம் பெரிதாக்கி 8 நொடி எடுத்துக்கொள்ள முடியுமா? முடிந்தால் பிரேக் விசை 9 இலிருந்து 3.4 ஆக இறங்கிவிடும். தகடு வெட்டி வெல்டிங் செய்வது, கீழே வரப்போகும் தலைவலியைவிட மலிவு. நான் முதலில் எப்போதும் இதைத்தான் கேட்பேன்.

படி 4: தலையில் பிரேக் வைத்தால்

இந்தப் படியை மட்டும் பொறுமையாகப் படியுங்கள்.

மோட்டார் இழுக்கும்போது தலை டிரம், மேல் ஓட்டத்தைத் தன்னை நோக்கி இழுக்கிறது. ஈ முனை இறுகும், அ முனை தளரும். பிரேக் பிடிக்கும்போது இது தலைகீழாகிறது. டிரம் நிற்கப் பார்க்கிறது. பின்னாலிருந்து 24 டன் சுமையோடு மேல் ஓட்டம் ஓடி வந்து அதை முட்டுகிறது. ஈ முனை தளரும். அ முனைதான் இப்போது இறுக்கமான பக்கம். ஆனால் அ முனையில் எடை தொங்குகிறது, அது 4.2 க்கு மேல் இறுக விடாது. அப்படியானால் ஈ முனை 4.2 இலிருந்து 9 ஐக் கழித்து, மைனஸ் 4.8.

மைனஸ் இழுவிசை என்று ஒன்று பெல்ட்டுக்குக் கிடையாது. கயிற்றை இழுக்கலாம், தள்ள முடியாது. சுற்றி வந்தும் சரிபார்க்கலாம். கீழ் ஓட்டத்தில் உராய்வு 0.85 கூட்டும், 5.4 டன்னின் நிலைமம் 2.7 குறைக்கும், ஆகவே ஆ, இ இரண்டும் 2.35. அங்கிருந்து மேல் ஓட்டத்தில் உராய்வு 5.15 கூட்டும், நிலைமம் 12.2 குறைக்கும். வாலிலிருந்து 100 மீட்டர் வருவதற்குள் இழுவிசை பூஜ்யம். மீதி 200 மீட்டர் பெல்ட்டைப் பிடிக்க எதுவும் இல்லை. தொய்ந்த பெல்ட்டுக்கு அதிக நீளம் வேண்டும். அது வாலைச் சுற்றிக் கீழ் ஓட்டத்திலிருந்தும், கீழ் ஓட்டம் டேக்-அப்பிலிருந்தும் நீளத்தை உருவிக்கொள்ளும். எடை மேலே ஏறும். சாக்பீஸ் கோட்டுக்கு விடை இதுதான்.

தலையிலேயே பிரேக் இருக்க வேண்டுமானால் என்ன செய்வது? பிரேக் டிரம்மும் வழுக்கக்கூடாது, எனவே ஈ முனையில் 9 இல் பாதி, 4.5 இருக்க வேண்டும். அப்போது அ முனையில் 13.5. தொங்கும் எடை 27 கிலோநியூட்டன், 2.75 டன். 860 கிலோ போதுமென்று நினைத்த இடத்தில் மூன்று மடங்குக்கு மேல். இந்த இறுக்கம் நிற்கும் 5 நொடிக்கு மட்டும் வருவதில்லை, ஓடும் நேரம் முழுக்க இருக்கும். ஈ முனை 12.6 இலிருந்து 21.9 ஆகும். இ.பி 400/3 என்ற மூன்று அடுக்குத் துணிப் பெல்ட் பத்து மடங்குப் பாதுகாப்போடு ஒரு மீட்டர் அகலத்துக்கு 40 தாங்கும், அதனால் பெல்ட் பிழைத்துக்கொள்ளும். டிரம் தண்டு, பேரிங், டேக்-அப் கோபுரம் ஆகியவற்றைத்தான் மறுபடி கணக்குப் போட வேண்டியிருக்கும்.

படி 5: பிரேக்கை வாலுக்குக் கொண்டுபோங்கள்

சுமை மேல் ஓட்டத்தில் இருக்கிறது, முன்னோக்கி ஓடப் பார்க்கிறது. அதைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தால் மேல் ஓட்டம் இறுகியபடியே நிற்கும். வால் டிரம்மில் பிரேக் வைப்பது அதைத்தான் செய்கிறது. மாட்டு வண்டி இறக்கத்தில் போகும்போது முன்னால் நின்று தடுக்காமல் பின்னாலிருந்து கயிற்றைப் பிடிப்பது போல.

அதே 4.2 வைத்துப் பார்ப்போம். ஆ 2.35. பிரேக் 9 சேர்க்க, இ 11.35. ஈ முனைக்கு வரும்போது திரும்பவும் 4.2 பக்கம். மேல் ஓட்டத்தில் எங்கும் பூஜ்யம் இல்லை.

ஆனால் வால் டிரம் வழுக்கக்கூடாது. அதற்கு ஆ முனையில் 4.5 வேண்டும். அப்படியென்றால் அ முனையில் 6.35, தொங்கும் எடை 1.3 டன். தலைப் பிரேக்குக்குத் தேவைப்பட்ட 2.75 டன்னில் பாதிகூட இல்லை.

பல இடங்களில் வால் டிரம்மை அப்படியே விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் மாட்டுகிறார்கள். வால் டிரம் பெரும்பாலும் வெறும் இரும்பாகவோ, கல் சிக்காமல் இருக்கத் தகடுகள் வைத்த சிறகு டிரம்மாகவோ இருக்கும். சிறகு டிரம்மில் பிரேக் வைக்காதீர்கள். வெறும் இரும்பு என்றால் 4.5 க்குப் பதில் 7.6 தேவைப்படும். லேகிங் கட்டாயம். நம் ஊர் மழையையும் மனத்தில் வையுங்கள். ஈரமும் சுண்ணாம்புச் சேறும் படிந்த சாதா ரப்பர் லேகிங்கில் 0.35 ஐ நம்ப முடியாது. பிரேக் டிரம்முக்குச் செராமிக் லேகிங் போடச் சொல்வேன்.

படி 6: வெறும் பெல்ட்டையும் கணக்குப் போடுங்கள்

இது எனக்கே பிந்தித்தான் உறைத்தது. ஸ்பிரிங் பிரேக் எப்போதும் ஒரே விசையைத்தான் தரும். பெல்ட்டில் கல் இல்லையென்றால் நிறுத்த வேண்டியது 13.2 டன் மட்டுமே. உராய்வும் 2.8 ஆகக் குறைகிறது. 9 உம் 2.8 உம் சேர்ந்து பெல்ட்டை 0.9 வேகக் குறைவில், மூன்று நொடிக்குள் நிறுத்திவிடும். கீழ் ஓட்டத்தின் நிலைமம் 2.7 க்குப் பதில் 4.8 ஆகிறது. அ முனையில் 6.35 இருந்தாலும் ஆ முனையில் 2.4 தான் மிஞ்சும். வால் டிரம் வழுக்கும், லேகிங் தேயும், ரப்பர் கருகும் வாசனை வரும்.

ஆகவே அ முனையை 8.5 ஆக உயர்த்த வேண்டும், எடை 1.75 டன். இல்லாவிட்டால் சுமைக்கு ஏற்ப விசையை மாற்றும் ஹைட்ராலிக் பிரேக் வாங்க வேண்டும். 300 மீட்டர் பெல்ட்டுக்கு நான் எடையைக் கூட்டிவிடுவேன், ஹைட்ராலிக் பராமரிப்பு குவாரித் தூசியில் சுலபமில்லை. "பெரிய பிரேக் என்றால் பத்திரம்தானே" என்று 9 க்குப் பதில் 15 தரும் பிரேக்கைப் போடுபவர்கள் இந்தப் படியை இன்னொரு முறை படிக்க வேண்டும். பிரேக் விசை கூடக்கூட, டேக்-அப் எடையும் கூடியே தீரும்.

படி 7: டேக்-அப் எவ்வளவு நகரும், எந்த வகை?

பெல்ட் ரப்பர் போல நீளும். அதன் விறைப்பை உற்பத்தியாளரின் தாளிலிருந்து எடுங்கள். நம் பெல்ட்டுக்கு 3000 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது உள்ள சராசரி இழுவிசைக்கும் நிற்கும்போது உள்ளதற்கும் உள்ள வித்தியாசத்தை மேலும் கீழுமான மொத்த நீளத்தால் பெருக்கி, விறைப்பால் வகுத்தால் நீள மாற்றம் வரும். எடை அதில் பாதி நகரும். வால் பிரேக்கில் எடை சுமார் 14 சென்டிமீட்டர் ஏறும். தலைப் பிரேக்கில், 2.75 டன் தொங்கவிட்ட பிறகும், 60 சென்டிமீட்டர் பக்கம் ஏறும்.

இந்த நகர்வுக்கு மேலே இடம் விடுங்கள். எடை மேல் தடுப்பில் முட்டினால் அந்த நொடியிலிருந்து அது எடை டேக்-அப் இல்லை, இறுக்கிய போல்ட் மாதிரி ஆகிவிடும். அப்புறம் கீழே விழும்போது பெல்ட்டை உதறும். ஒட்டு, அதாவது பெல்ட்டின் இரு முனைகளை இணைத்த இடம், முதலில் விடுவது அங்கேதான். பெல்ட் நிரந்தரமாக நீளுவதற்கும் ஒட்டுப் போடுவதற்கும் துணிப் பெல்ட்டில் மைய நீளத்தில் ஒன்றரை முதல் 2 சதவீதம் வரை தனியே விடுவது வழக்கம்.

எடைக்குப் பதில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் டேக்-அப் வைத்திருந்தால் கணக்கு மாறும். 5 நொடி நிறுத்தத்துக்குள் வின்ச் எதையும் உணர்ந்து இழுக்காது, அதனால் அந்த நேரத்துக்கு அதை அசையாத டேக்-அப் என்றே கொள்ள வேண்டும். அதில் பெல்ட்டின் மொத்த நீளம் மாறாது. ஒரு பக்கம் தளர்ந்தால் இன்னொரு பக்கம் அதே அளவு இறுகும். திருகு டேக்-அப் குட்டைப் பெல்ட்டுக்கு மட்டும். அதை இறுக்கியவர் எவ்வளவு இறுக்கினார் என்று யாருக்கும் தெரியாது.

படி 8: பிரேக்கை மெதுவாகப் பிடிக்க வையுங்கள்

மேலே போட்ட கணக்கு எல்லாமே பெல்ட் முழுக்க ஒரே நேரத்தில் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொண்டு போட்டது. உண்மையில் பிரேக் பிடித்த செய்தி பெல்ட் வழியாக அலையாகத்தான் போகும். விறைப்பை நியூட்டனில் எடுத்து, ஒரு மீட்டரின் எடையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அதன் வேகம் கிடைக்கும்: சுமையோடு உள்ள மேல் ஓட்டத்தில் நொடிக்கு 190 மீட்டர் பக்கம். 300 மீட்டரைக் கடக்க ஒன்றரை நொடிக்கு மேல். பிரேக் 0.2 நொடியில் முழு விசைக்கு வந்தால், மறுமுனை அதை அறிவதற்குள் இந்த முனையில் உதறல் உருவாகிவிடும். விசை இரண்டு மூன்று நொடியில் ஏறுமாறு அமையுங்கள். ஹைட்ராலிக் என்றால் எண்ணெய் வெளியேறும் துளையைச் சிறிதாக்கலாம். ஸ்பிரிங் என்றால் இரண்டு பிரேக்காகப் பிரித்து இரண்டாவதைத் தாமதமாகப் பிடிக்க வைக்கலாம். ஏறும் நேரம் கூடினால் நிறுத்தும் தூரமும் கூடும். சூட் கணக்கை அதற்கேற்ப மறுபடி போடுங்கள்.

இறக்கப் பெல்ட்

இங்கே டிரைவும் பிரேக்கும் மேல் முனையில், அதாவது கல் விழும் வால் பக்கம் இருக்கும். அதிக இழுவிசை அங்கேதான். உராய்வெண்ணை 0.012 முதல் 0.016 வரை என்று எடுங்கள். மின்சாரம் போனால் தானே பிடிக்கும் பிரேக்தான் இருக்க வேண்டும். சுமையின் இயக்க ஆற்றலோடு, நிற்கும் வரை அது இறங்கும் உயரத்தின் ஆற்றலும் பிரேக் டிஸ்க்கில் வெப்பமாக வரும். அடுத்தடுத்து இரண்டு முறை நிறுத்தினாலும் டிஸ்க் தாங்குமா என்று பாருங்கள். பராமரிப்புக்கு பிரேக்கைத் திறப்பதற்கு முன் பெல்ட்டைக் கவ்வியால் பிடித்துக் கட்டுங்கள், எடையையும் சங்கிலியால் பூட்டுங்கள். மின்சாரப் பூட்டு மட்டும் போதாது. சுமைக்கு மின்சாரம் தேவையில்லை.

கடைசிப் படி: நிறுத்திப் பாருங்கள்

முதலில் வெறும் பெல்ட்டில், பிறகு பாதிச் சுமையில், பிறகு முழுச் சுமையில் மின்சாரத்தைத் துண்டித்து நிறுத்துங்கள். வால் டிரம்மிலும் பெல்ட் ஓரத்திலும் ஒரே நேர்கோட்டில் பெயின்ட் குறி போட்டுவிட்டு, மெதுவான ஓட்டத்தில் இருந்து நிறுத்தினால் வழுக்கியதா என்று கண்ணால் தெரியும். கைபேசியில் மெதுவாக ஓடும் படம் எடுத்தால் இன்னும் தெளிவு. நின்ற நேரத்தையும் சூட்டில் விழுந்த கல்லையும் எழுதி வையுங்கள்.

வழிகாட்டித் தண்டில் எடை நிற்கும் இடம், கணக்கில் வந்த மேல் இடம் இரண்டிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். முழுச் சுமையில் நிறுத்தும்போது ஒருவர் பாதுகாப்பு வேலிக்கு வெளியே நின்று அந்தத் தண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எடை மேல் கோட்டைத் தாண்டினால், அன்றைக்கு அந்தப் பெல்ட்டை வேலைக்கு ஒப்படைக்காதீர்கள்.